வட துருவத்தில் ஒரு குழாயடிச் சண்டை

1909 செப்டம்பர் 19. பாரிஸில் "லெ பெத்தி ஷுர்னால்" நாளிதழின் வண்ண இணைப்பில் ஒரு முழுப்பக்கப் படம் வந்தது. எங்கு பார்த்தாலும் பனிக்கட்டி. நடுவே தடித்த தோலுடை போட்ட இரண்டு பேர் முஷ்டியை மடக்கிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். ஒருவர் டாக்டர் ஃபிரெடரிக் குக், மற்றவர் கமாண்டர் ராபர்ட் பியரி. இருவருமே அமெரிக்கர்கள். வட துருவத்தை முதலில் மிதித்தது யார் என்பதுதான் சண்டை. பக்கத்தில் வரிசையாக நின்று இந்தக் குழாயடிச் சண்டையை வேடிக்கை பார்ப்பவை பெங்குவின்கள்.

வட துருவத்தில் பெங்குவின் கிடையாது! பெங்குவின்கள் வாழ்வது பூமியின் தென் பாதியில். ஓவியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிரெஞ்சு மொழியில் "பேங்குவன்" என்றால் வட கடலில் வாழும் வேறொரு பறவை. கறுப்பு வெள்ளை உடம்போடு நிமிர்ந்து நிற்கும் அந்த இனத்தில் மிகப் பெரியது 1844 வாக்கில் வேட்டையாடியே அழிக்கப்பட்டுவிட்டது. பெயர்க் குழப்பமோ, அசட்டையோ, படம் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது. குக்-பியரி சண்டை பற்றிய புத்தகம் எதைத் திறந்தாலும் இந்தப் பெங்குவின்கள் எட்டிப் பார்க்கும்.

அந்தப் பத்திரிகை நகைச்சுவைப் பத்திரிகை இல்லை, சாதாரணச் செய்தித்தாள்தான். செய்தித்தாளே இப்படிப் போட்டால் சிரிப்பதற்கென்றே நடந்த பத்திரிகைகள் சும்மா இருக்குமா? துருவப் பயணங்களை அவர்கள் கேலி செய்த வரலாற்றுக்கு 1909-லேயே தொண்ணூறு வயது.

மூக்கில்லாத மாலுமிகள்

தொடக்கம் 1818-ல். பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டன் ஜான் ராஸ் இரண்டு கப்பல்களோடு ஆர்க்டிக் போனார். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு வடக்கே ஒரு கடல்வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. லங்காஸ்டர் ஜலசந்திக்குள் நுழைந்தார். எதிரே மலைத்தொடர் ஒன்று வழியை அடைத்து நிற்பதாகக் கண்டார். கடற்படை அமைச்சகத்தின் செயலாளர் குரோக்கர் பெயரையே அந்த மலைகளுக்கு வைத்துவிட்டுக் கப்பலைத் திருப்பினார். உடன் வந்த அதிகாரிகள் சிலருக்கு அந்த மலை கண்ணில் படவே இல்லை! அடுத்த வருடமே, ராஸின் துணையாக வந்த எட்வர்ட் பாரி அதே ஜலசந்திக்குள் நேராகக் கப்பலை ஓட்டிப் போனார். குரோக்கர் மலை இருந்ததாகச் சொன்ன இடம் முழுக்கத் தண்ணீர்.

ராஸ் திரும்பி வந்த சூட்டோடு, 1819 ஜனவரியில், ஜார்ஜ் குருக்ஷாங்க் ஒரு கேலிச்சித்திரம் அச்சிட்டு வெளியிட்டார். வாரப் பத்திரிகையில் கார்ட்டூன் போடும் வழக்கம் அப்போது வரவில்லை. தனித் தாளாக அச்சடித்து, கையால் வண்ணம் பூசி, கடையில் விற்பார்கள். படத்தில் ராஸின் ஆட்கள் வெற்றி ஊர்வலமாக பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகிறார்கள். எல்லோரும் உறைபனியில் மூக்கைப் பறிகொடுத்தவர்கள். தோளில் செத்த வெள்ளைக் கரடி. கூடவே கல், மண் என்று ஏதேதோ "பொக்கிஷங்கள்". இவ்வளவு செலவு செய்து போய் கொண்டு வந்தது இதுதானா என்பது கேள்வி.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பயணத்தில் ஒரு பெரிய விஷயம் நடந்திருந்தது. கிரீன்லாந்தின் வடமேற்கு மூலையில், வெளி உலகமே தெரியாமல் வாழ்ந்த இனுகுயிட் மக்களை ராஸ் சந்தித்தார். (எஸ்கிமோ என்று பழைய புத்தகங்கள் சொல்வது இவர்களையும் சேர்த்துத்தான். அந்தப் பெயரை இப்போது அந்த மக்கள் விரும்புவதில்லை.) ஸ்காட்லாந்துக்காரரான ராஸ் தம் ஊர் நினைப்பில் அவர்களுக்கு "ஆர்க்டிக் மலைநாட்டார்" என்று பெயர் வைத்தார். லண்டன் அதற்கும் சிரித்தது. அவர்கள் கையில் இரும்பு முனை வைத்த கத்திகள் இருந்தன. வானத்திலிருந்து விழுந்த கல்லிலிருந்து தட்டி எடுத்த இரும்பு அது. இந்த மக்களையும் இந்தக் கல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் திரும்ப வருவார்கள்.

காத்திருக்கும் சீமாட்டி

1841-ல் லண்டனில் "பஞ்ச்" பிறந்தது. அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்யும் வாரப் பத்திரிகை. வாரா வாரம் ஒரு பக்கம் முழுவதும் பெரிய கார்ட்டூன் வரும். அதில் எப்போதும் சிரிப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. சில வாரங்களில் அது தேசத்தின் தலையங்கம் மாதிரி கம்பீரமாக இருக்கும்.

1875 மே 29 அன்று கேப்டன் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் "அலர்ட்", "டிஸ்கவரி" என்ற இரண்டு கப்பல்கள் வட துருவம் தேடிப் புறப்பட்டன. ஒரு வாரம் கழித்து, ஜூன் 5 இதழில், ஜான் டெனியல் வரைந்த பெரிய கார்ட்டூன் வந்தது. (ஆலிஸின் அற்புத உலகம் கதைக்குப் படம் போட்ட அதே டெனியல்.) படத்தில் வட துருவம் ஒரு வெள்ளைச் சீமாட்டி. பனிக்கு நடுவே, கரடிகள் காவலிருக்க உட்கார்ந்திருக்கிறாள். தன்னை வெல்ல ஒருவன் வருவான் என்று காத்திருக்கிறாள். வில்லை ஒடித்தவனுக்குச் சீதை என்பது போல.

சீமாட்டி அசைந்து கொடுக்கவில்லை. 1876 மே 12 அன்று ஆல்பர்ட் மார்க்கம் குழு 83 டிகிரி 20 நிமிடம் வரை போய், அதற்கு மேல் முடியாமல் திரும்பியது. அதுவரை யாரும் போகாத தூரம்தான். ஆனால் என்ன விலை! கனமான சறுக்கு வண்டிகளையும் படகுகளையும் நாய்கள் இல்லாமல் மனிதர்களே தோளில் கயிறு கட்டி இழுத்தார்கள். ஸ்கர்வி நோய் வந்து ஈறு வீங்கி, கால் மடங்கி, ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். எலுமிச்சைச் சாறு குடித்தால் ஸ்கர்வி வராது என்று கடற்படைக்குப் பல காலமாகத் தெரியும். இருந்தும் சறுக்கு வண்டிக் குழுக்களோடு சாற்றை அனுப்பவில்லை. 1877-ல் இதற்காக ஒரு விசாரணைக் குழுவே உட்கார்ந்தது. சீமாட்டி படத்தையும் அந்தக் குழு விசாரித்த விஷயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படம் கொஞ்சம் கசக்கும்.

நையாண்டியில் இன்னும் கூர்மையாகப் போனவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன். 1889-ல் அவர் எழுதிய ஒரு நாவலில் வட துருவம் ஏலத்துக்கு வருகிறது. நாடுகள் போட்டி போட்டு விலை கேட்கின்றன. கடைசியில் ஒரு அமெரிக்கக் கம்பெனி வாங்குகிறது. பனியை உருக்கி நிலக்கரி எடுக்கப் பூமியின் அச்சையே பீரங்கி வெடித்துத் திருப்பத் திட்டம் போடுகிறது! துருவத்தைப் பெண்ணாகப் பார்த்த டெனியலைவிட, சொத்தாகப் பார்த்த வெர்ன் உண்மைக்கு அருகில் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐந்து நாளில் இரண்டு தந்தி

1909 செப்டம்பர் 1. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள லெர்விக் துறைமுகத்திலிருந்து குக் தந்தி அடித்தார். 1908 ஏப்ரல் 21 அன்றே துருவத்தை அடைந்துவிட்டேன் என்றார். "நியூயார்க் ஹெரால்டு" பெரிய தொகை கொடுத்து அவர் கதையை வாங்கியது. கோபன்ஹேகனில் இளவரசரே வந்து வரவேற்றார். செப்டம்பர் 6 அன்று தீவோலி பூங்காவில் பத்திரிகைக்காரர்கள் கொடுத்த விருந்தில், கழுத்தில் ரோஜா மாலையோடு குக் உட்கார்ந்திருக்கும்போது இரண்டாவது தந்தி வந்தது. கனடாவின் லாப்ரடார் கரையிலிருந்து பியரி. 1909 ஏப்ரல் 6 அன்று துருவத்தில் அமெரிக்கக் கொடியை ஆணி அடித்து நிறுத்திவிட்டேன் என்றார். இவர் கதையை வாங்கியிருந்தது "நியூயார்க் டைம்ஸ்".

ஆக, இரண்டு ஆட்கள், இரண்டு பத்திரிகைகள். முந்நூறு வருடமாக யாரும் போகாத இடத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேர் போய்வந்ததாகச் செய்தி! கார்ட்டூன்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தீபாவளி வருமா?

நியூயார்க்கில் அப்போது மூன்று பெரிய நகைச்சுவை வாரப் பத்திரிகைகள் இருந்தன. "பக்", "ஜட்ஜ்", "லைஃப்". (பிற்காலத்தில் புகைப்படங்களுக்குப் பேர்போன லைஃப் இந்தப் பெயரை 1936-ல் விலைக்கு வாங்கியதுதான்.) இவை போதாதென்று நாளிதழ் கார்ட்டூன்கள், தபால் அட்டைகள், மேடைப் பாட்டுகள். எல்லாவற்றிலும் சில ஜோக்குகள் திரும்பத் திரும்ப வந்தன.

முதலாவது, கம்பம். ஆங்கிலத்தில் துருவத்துக்கும் கம்பத்துக்கும் "போல்" என்ற ஒரே சொல்தான். அதனால் அவர்கள் படங்களில் வட துருவம் என்றால் பனியில் நட்ட ஒரு கம்பம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்துக்கொண்டு "என்னுது, என்னுது" என்பார்கள். தமிழில் இந்த ஜோக் பலிக்காது. நமக்குத் துருவன் என்றால் அசையாத நட்சத்திரம்தான் ஞாபகம் வரும். அடுத்தது குக்கின் பெயர். குக் என்றால் சமையல்காரர். கதையைச் சமைத்தார், கணக்கைச் சமைத்தார் என்று எழுதித் தீர்த்தார்கள். மூன்றாவதைப் பியரியே எடுத்துக் கொடுத்தார். குக் மக்கள் தலையில் "தங்கச் செங்கல்லை" கட்டிவிட்டார் என்று தந்தி அடித்தார். சாதாரணச் செங்கல்லுக்குத் தங்க முலாம் பூசிக் கிராமத்து ஆளிடம் விற்கும் மோசடிக்கு அமெரிக்காவில் அந்தப் பெயர். உடனே கார்ட்டூன்களில் செங்கல் மழை.

இதில் சிறந்த ஜோக்கைச் சொன்னவர் ஜனாதிபதி டாஃப்ட். "வட துருவத்தை உங்கள் வசம் ஒப்படைக்கிறேன்" என்று பியரி அவருக்குத் தந்தி அனுப்பினார். உங்கள் தாராள மனசுக்கு நன்றி, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்கிற மாதிரி டாஃப்ட் பதில் அனுப்பினார். எந்தக் கார்ட்டூனும் இந்த ஒரு வரியை மிஞ்சவில்லை.

குக் சண்டை போடவில்லை. இருவருக்கும் போதுமான புகழ் இருக்கிறது என்று புன்னகையோடு சொன்னார். பியரி எரிந்து விழுந்தார். ஜனங்களுக்கு யாரைப் பிடிக்கும்? பிட்ஸ்பர்க் நகரப் பத்திரிகை ஒன்று வாசகர்களிடம் வாக்கு எடுத்தது. குக்குக்கு 73,000-க்கும் மேல், பியரிக்கு 3,000-க்கும் குறைவு!

சிரிப்பால் தீர்ந்த வழக்கு

இவ்வளவு கேலிக்கு இடம் கொடுத்தது எது? துருவத்தின் இயல்பே அதுதான். வட துருவத்தில் நிலம் இல்லை. கடல் மேல் மிதக்கும் பனி. அந்தப் பனி நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று கொடி நட்டால் நாளைக்கே கொடி துருவத்தில் இருக்காது. அங்கே போனதற்குச் சாட்சி கல்லும் இல்லை, மரமும் இல்லை. செக்ஸ்டன்ட் என்ற கருவியால் சூரியன் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். துருவத்தில் நின்றால் சூரியன் நாள் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வட்டமடிக்கும். இடைவெளி விட்டுப் பலமுறை அளந்து, எண்களை நோட்டில் எழுதி வருவதுதான் அத்தாட்சி.

ஆனால் அந்த எண்களைத் தலைகீழாகக் கணக்குப் போட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டே எழுதிவிடலாமே! அந்தக் கூத்தும் நடந்தது. 1909 டிசம்பரில், ஒரு இன்சூரன்ஸ் தரகரும் ஒரு மாலுமியும், குக்குக்காகப் பணத்துக்கு இப்படி எண்கள் தயாரித்துக் கொடுத்தோம், பேசிய பணம் முழுதாக வரவில்லை என்று நியூயார்க் டைம்ஸிடம் வந்து நின்றார்கள்.

குக்கின் நிலைமை வேகமாகச் சரிந்தது. அசல் குறிப்புகளும் கருவிகளும் கிரீன்லாந்தில் இருக்கின்றன என்றார். அவற்றை அமெரிக்க வேட்டைக்காரர் ஹாரி விட்னியிடம் கொடுத்திருந்தார். ஆனால் பியரி தன் கப்பலில் குக்கின் சாமான்களை ஏற்றவே கூடாது என்று சொல்லிவிட்டதால் விட்னி அவற்றைப் பாறைகளுக்கு அடியில் புதைத்துவிட்டு வந்தார். 1906-ல் மெக்கின்லி சிகரம் ஏறியதாகக் குக் சொன்னதும் பொய் என்று உடன் போன ஆளே சத்தியக் கடுதாசி எழுதிக் கொடுத்தார். டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகம், அனுப்பிய காகிதங்களில் ஆதாரம் எதுவும் இல்லை என்று அறிவித்தது. அதற்குப் பிறகு கார்ட்டூன்களில் குக் என்றால் புளுகன்.

சரி, பியரியின் ஆதாரத்தை யார் பார்த்தது? நேஷனல் ஜியோகிராபிக் சொசைட்டியின் மூன்று பேர் கொண்ட குழு. அவர் பயணத்துக்குப் பண உதவி செய்த சங்கமே அதுதான். 1909 நவம்பரில் அவர்கள் வாஷிங்டன் ரயில் நிலையத்தின் சாமான் அறையில், ராத்திரி நேரத்தில், பியரியின் பெட்டியைத் திறந்து கருவிகளை ஒரு பார்வை பார்த்தார்கள். சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது! பின்னால் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் இந்த விவரம் வெளியே வந்தது. ரயில் நிலையம், ராத்திரி, பெட்டி, மூன்று பெரிய மனிதர்கள்... ஒரு கார்ட்டூனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் இந்தக் காட்சி தங்கச் செங்கல் அளவுக்குப் பிரபலம் ஆகவில்லை. அதற்குள் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. வில்லன் யார் என்று முடிவாகிவிட்ட கதையில் மிச்சமிருப்பவர் தானாகவே கதாநாயகன் ஆகிவிடுவார். 1911-ல் பிரதிநிதிகள் சபை 135-க்கு 34 என்ற வாக்கில் மசோதாவை நிறைவேற்ற, பியரி ரியர் அட்மிரல் ஆனார்.

பியரியின் கணக்கிலும் பெரிய ஓட்டை உண்டு. துருவத்துக்கு இன்னும் 133 கடல் மைல் இருக்கும்போது, கருவி பிடிக்கத் தெரிந்த கேப்டன் பாப் பார்ட்லெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் சொல்லும் வேகம் திடீரென்று ஏறுகிறது. 1969-ல் நாய் வண்டியில் துருவம் போன வாலி ஹெர்பர்ட், பியரியின் நாட்குறிப்பையும் ஆராய்ந்து, அவர் துருவத்தை அடையவில்லை என்று 1989-ல் புத்தகம் எழுதினார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் இருவரையுமே நம்புவதில்லை.

மிட்டாய் ஜோக்

பார்ட்லெட் போன பிறகு பியரியோடு இருந்தவர்கள் ஐந்து பேர். கறுப்பின அமெரிக்கர் மாத்யூ ஹென்சன். ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்வேயா என்ற நான்கு இனுகுயிட்கள். குக்கோடு கடைசி வரை போனவர்கள் அவேலா, எட்டுகிஷூக் என்ற இரண்டு இனுகுயிட் இளைஞர்கள். ராஸ் 1818-ல் சந்தித்த அதே மக்கள்தான்! வண்டி கட்டியது, நாய் ஓட்டியது, பனி வீடு கட்டியது, உடை தைத்தது, வேட்டையாடிச் சோறு போட்டது எல்லாம் இவர்களும் இவர்கள் வீட்டுப் பெண்களும்.

நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு இவர்கள் என்ன? மிட்டாய் ஜோக். குக்கின் பயணத்துக்குப் பணம் போட்ட சூதாட்ட விடுதி முதலாளி ஜான் பிராட்லி, எஸ்கிமோக்கள் ஒரு ஜெல்லி மிட்டாய்க்காக எத்தனை மைல் வேண்டுமானாலும் நடப்பார்கள் என்கிற மாதிரி பேட்டி கொடுத்தார். போதாதா? வட துருவத்தை மிட்டாய் கொடுத்து வாங்கிய கதை என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சாட்சி சொல்ல வரும் எஸ்கிமோ, கை நிறைய மிட்டாயோடு, கேட்டவருக்கெல்லாம் தலையாட்டுவார். நிஜத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். குக்கின் இரண்டு தோழர்களும் கரையைவிட்டு வெகுதூரம் போகவே இல்லை என்று சொன்னதாகப் பியரி தரப்பு வெளியிட்டபோது அது நம்பத்தக்க சாட்சியம். பியரியோடு போன நான்கு பேரை மட்டும் எந்தச் சபையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

ஹென்சன் நிலைமையும் அதேதான். இருபது வருடத்துக்கும் மேல் பியரியோடு உழைத்தவர், இனுகுயிட் மொழி சரளமாகப் பேசியவர். பார்ட்லெட் அளவுக்குத் துணிச்சல் இவருடைய இனத்துக்குக் கிடையாது என்று பியரியே தன் புத்தகத்தில் எழுதினார். 1913 முதல் 1936 வரை நியூயார்க் சுங்க அலுவலகத்தில் ஹென்சன் குமாஸ்தா வேலை பார்த்தார். 1955-ல் இறந்தார். 1988-ல்தான் அவர் உடலை ஆர்லிங்டன் தேசிய மயானத்துக்கு மாற்றி, பியரிக்குப் பக்கத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

சிரிப்பே வராத ஒரு விஷயமும் இதே காலத்தில் ஊருக்குத் தெரிந்தே இருந்தது. ராஸ் பார்த்த கத்திகளுக்கு இரும்பு கொடுத்த விண்கல்லை 1897-ல் பியரி கப்பலில் ஏற்றி நியூயார்க் கொண்டுவந்தார். கூடவே ஆறு இனுகுயிட்களையும். அவர்களை அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தங்க வைத்தார்கள். சில மாதங்களில் நான்கு பேர் காசநோயில் செத்தார்கள். அவர்களில் ஒருவர் கிஸுக். அவருடைய மகன் மினிக் சின்னப் பையன். அப்பாவை அடக்கம் செய்வதாக அவனுக்கு ஒரு நாடகம் நடத்திக் காட்டினார்கள். புதைத்தது தோல் சுற்றிய ஒரு மரக்கட்டையை! எலும்புகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. வளர்ந்த பிறகு மினிக்குக்கு விஷயம் தெரிந்தது. அப்பாவின் உடலைக் கொடுங்கள் என்ற அவன் வேண்டுகோள் 1907 ஜனவரியில் "நியூயார்க் வேர்ல்டு" பத்திரிகையில் பெரிதாக வந்தது. 1909 கோடையில் அவனை ஒரு கப்பலில் கிரீன்லாந்துக்கு அனுப்பினார்கள். பியரியின் குழுவுக்கு உதவிச் சாமான் கொண்டு போன கப்பல் அது. மினிக் ஊர் போய்ச் சேர்ந்த அடுத்த சில வாரங்களில்தான் மிட்டாய் ஜோக்குகள் தொடங்கின. அவன் அப்பாவின் எலும்புகள் ஊர் திரும்பியது 1993-ல். மினிக் 1918-லேயே ஃப்ளூ காய்ச்சலில் இறந்துவிட்டான்.

தெற்கே திரும்பிய சிரிப்பு

வட துருவம் போய்விட்டது என்ற செய்தியைக் கேட்டு, நார்வேக்காரர் ரோல் அமுண்ட்சென் சத்தம் காட்டாமல் தெற்கே திரும்பினார். 1911 டிசம்பர் 14 அன்று தென் துருவத்தை அடைந்தார். பிரிட்டனின் ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று போய்ப் பார்த்தபோது நார்வே கொடி பறந்துகொண்டிருந்தது. லண்டனில் நடந்த ஒரு விருந்தில், கர்சன் பிரபு (நம் ஊர் வைஸ்ராயாக இருந்த அதே கர்சன்) வாழ்த்துரையின் முடிவில் அமுண்ட்செனின் நாய்களுக்கு மூன்று முறை ஜே போடச் சொன்னாராம். நாய்கள்தான் ஜெயித்தன, நீ இல்லை என்று குத்தல். அமுண்ட்சென் தன் சுயசரிதையில் இதை மறக்காமல் எழுதி வைத்தார். 1913 பிப்ரவரியில் ஸ்காட் குழுவின் ஐந்து பேரும் திரும்பும் வழியில் செத்துப்போன செய்தி வந்தது. அதற்கப்புறம் பிரிட்டனில் துருவம் சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை.

தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டவர்கள் பயணிகள்தான். 1819-20 குளிர்காலத்தில் பாரியின் கப்பலிலேயே கையெழுத்துப் பத்திரிகை நடந்தது. 21 இதழ்கள்! ஸ்காட்டின் முதல் பயணத்தில், 1902-ல், "சவுத் போலார் டைம்ஸ்" தொடங்கியது. ஆசிரியர் ஷாக்கிள்டன். தட்டச்சு செய்த ஒரே ஒரு பிரதி, அதைச் சுற்றுக்கு விடுவார்கள். அதில் இடம் கிடைக்காத எழுத்துகளை எல்லாம் சேர்த்து "பிளிஸார்டு" என்று ஒரு போட்டிப் பத்திரிகையும் போட்டார்கள். ஒரே இதழோடு நின்றுபோனது. (கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த வரலாறு புரியும்.) நான்கு மாதம் சூரியனே வராத இடத்தில் பக்கத்துப் படுக்கைக்காரனைக் கிண்டல் செய்து எழுதுவது, பைத்தியம் பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து.

குக்கின் கதை இன்னும் கொஞ்சம் நீள்கிறது. எண்ணெய்க் கம்பெனிப் பங்கு மோசடி வழக்கில் 1923-ல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. லெவன்வொர்த் சிறையில் கைதிகள் நடத்திய பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர்! 1926-ல் அமுண்ட்சென் அந்தச் சிறைக்கே போய் அவரைப் பார்த்தார். 1898-ல் "பெல்ஜிகா" கப்பல் அண்டார்டிக் பனியில் மாட்டிக்கொண்டபோது இருவரும் அதில் இருந்தார்கள். ஸ்கர்வியில் சாகக் கிடந்தவர்களுக்குக் கப்பல் டாக்டர் குக் பெங்குவின் கறியையும் சீல் கறியையும் கொடுத்துப் பிழைக்க வைத்தார். அமுண்ட்சென் அதை மறக்கவில்லை. பாரிஸ் ஓவியர் போட்ட படத்தில் இருந்த இருவரில், நிஜப் பெங்குவின்களோடு ஒரு வருடம் வாழ்ந்தவர் குக் மட்டும்தான்.

பனி மேல் பயணம் செய்து வட துருவத்தை அடைந்ததாகச் சந்தேகமே இல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் முதல் ஆள் ரால்ஃப் பிளைஸ்டெட். அமெரிக்காவின் மின்னசோட்டாக்காரர். 1968 ஏப்ரல் 19 அன்று ஸ்னோமொபைல் வண்டிகளில் போய்ச் சேர்ந்தார். மேலே பறந்து வந்த அமெரிக்க விமானப்படை விமானம் இடம் சரிதான் என்று உறுதி செய்தது. அவர் தொழில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட்.